ஸ்கேன் பாட்டுக்கு அம்மா சொல்லும் அர்த்தம்

என் பெயரில் பாடிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

உன் பாட்டைக் கேட்டேன். வேண்டாம் என்றாலும் விடுகிறார்களா, ஊரே போட்டுக்கொண்டிருக்கிறது. சம்பா அறுப்புக்கு மிஷின் ஓட்ட வந்த ஆள் வரப்பில் உட்கார்ந்து போனில் அதைத்தான் கேட்கிறான். கீழ்வேளூரில் மாத்திரை வாங்கப் போனால் மருந்துக் கடைப் பெண் "இது நீங்கதானேம்மா?" என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிச் சில்லறையைத் தருகிறாள். அழுவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. பாடியவன் பிள்ளை, பாடப்பட்டவள் தாய், பாட்டு முழுக்க "நான், நான்" என்று வருகிறது. அந்த 'நான்' நான்தான் என்று யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். நான் ஒருத்திதான் நம்பவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

நீ அதை எல்லோர் முன்னாலும் பாடினாய், அதனால் நானும் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். உன் சித்தி மகள் இதை டைப் அடித்து உன் பாட்டுக்குக் கீழேயே போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். "பெரியம்மா, கொஞ்சம் காரம் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு எழுத்தைத் தொட்டாலும் அவள் இந்தப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் என் மண்டையைத் திறக்கப் போகிறார்கள். கட்டி பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறது, எடுக்கும்போது பேச்சு போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். இப்போதே பேசும்போது சில சொற்கள் நேரத்துக்கு வருவதில்லை. எழுதும்போது பரவாயில்லை, யாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பேச்சு போய்விட்டால் அப்புறம் நான் சொன்னது என்று உலகத்தில் மிச்சமிருக்கப்போவது உன் பாட்டுதான். அதில் நான் சொல்லாததைச் சொல்லியிருக்கிறாய். அதை உன் அப்பா நம்பிவிட்டார். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நீ கொடுத்த பேட்டியையும் பார்த்தேன். தாடி வைத்த ஒருவர் உன்னிடம் "ப்ரோ, இந்தப் பாட்டோட மீனிங் என்ன?" என்று கேட்கிறார். நீ கொஞ்ச நேரம் மேலே பார்க்கிறாய். சின்ன வயதில் பொய் சொல்வதற்கு முன்னாலும் அப்படித்தான் மேலே பார்ப்பாய். பிறகு சொல்கிறாய், "அந்த மெஷின் ஒரு கருப்பை மாதிரி. உள்ள போறதுக்கு முன்னாடி எல்லா மெட்டலையும் கழட்டணும். எங்கம்மா தாலியக் கழட்டுனாங்க. அந்த நிமிஷம் அவங்க யாருக்கும் மனைவி இல்ல, யாருக்கும் அம்மா இல்ல. முதல் தடவையா அவங்க அவங்களா இருந்தாங்க. அதுதான் பாட்டு." தாடிக்காரர் கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன், வேறு காரணத்துக்கு. மூளையை ஸ்கேன் எடுக்கப் போனவளுக்கு இத்தனை பாக்கியம் கிடைத்தது எனக்கே தெரியாமல் போயிற்று.

உனக்கு இது புதிதில்லை. உன் தாத்தா செத்தபோது நீ அழுதது நினைவிருக்கிறதா? பாடையை எடுக்க விடாமல் புரண்டு புரண்டு அழுதாய். திருவாரூரிலிருந்து வந்த உறவெல்லாம் செத்தவரை விட்டுவிட்டு உன்னைத் தேற்றினார்கள். "என்ன ஈர மனசு இந்தப் புள்ளைக்கு" என்றார்கள். உன் அப்பா, பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவர், ஒரு ஓரமாக நின்று மூங்கிலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் தொடவில்லை. அன்றைக்கே நான் உன் அத்தையிடம் சொன்னேன், "இவன் எங்க போனாலும் பொணத்தவிட இவனுக்குத்தான் கூட்டம் சேரும்." அவள் சிரித்தாள். இப்போது என் முறை வந்திருக்கிறது. நான் இன்னும் சாகக்கூட இல்லை, அதற்குள் கூட்டம் சேர்த்துவிட்டாய்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள். புரட்டாசி மாதம், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். தஞ்சாவூருக்கு நாம் மூன்று பேரும் காரில் போனோம். நீ முன்சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தாய். ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் வந்து எல்லா நகையையும் கழற்றச் சொன்னாள். வளையல் வந்தது. தோடு வந்தது. மெட்டியைச் சோப்புப் போட்டு எடுத்தோம். மூக்குத்தித் திருகு துருப்பிடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டது, அதை அந்தப் பெண் இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரும் உன் பாட்டில் இருக்கிறது, "விடுதலையின் ஈரம்" என்று. அது மூக்கு வலி. கடைசியில் தாலிச் சங்கிலியைத் தலைவழியாக எடுத்து உன் அப்பா கையில் கொடுத்தேன். நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாய். அதுவரைதான் நீ பார்த்தது. அதற்குப் பிறகு போனைத் தூக்கிக்கொண்டு மெஷின் சத்தத்தைப் பதிவு செய்ய ஸ்கேன் ரூம் பக்கம் போய்விட்டாய். உன் பாட்டில் 'டக்கு டக்கு' என்று ஓடுகிறதே, வேறு யாரோ ஒரு நோயாளி உள்ளே கிடந்தபோது திருடிய சத்தம் அது.

நீ போன பிறகு உன் அப்பா சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு என் வெறும் கழுத்தைப் பார்த்தார். வெளியே ஓடினார். ஓடினார் என்றுதான் எழுதுகிறேன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எதிர்ப் பெட்டிக்கடையில் மஞ்சள் கிழங்கும் மஞ்சள் கயிறும் வைத்திருக்கிறார்கள். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் வருகிற பெண்களெல்லாம் வாங்குவதால், கடைக்காரர் கிழங்கைக் கோத்துத் தயாராகவே தொங்கவிட்டிருக்கிறார். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக நம் பக்கத்தில் செய்கிற ஏற்பாடு இது என்பது, ஊர் ஊராகப் பாடப் போகிற உனக்குத் தெரியவில்லை. அப்பா மூச்சு வாங்க வந்து, அத்தனை ஜனம் உட்கார்ந்திருந்த ஹாலில், என் பின்னால் நின்று கயிற்றைக் கட்டினார். ஒரு முடிச்சு போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

"என்னங்க, மிச்சத்தையும் போடுங்க, கூப்புடுறாங்க" என்றேன்.

"மிச்ச ரெண்டும் நாத்தனா போடணும். எந்தங்கச்சி இங்க இல்லையே" என்றார். ஸ்கேன் சென்டரில் நின்றுகொண்டு முறை பார்க்கிறார் மனுஷன். பக்கத்தில் கூத்தாநல்லூர்க்காரப் பெண் ஒருத்தி, மாமியாரை ஸ்கேனுக்கு அழைத்து வந்தவள், கையில் அந்த அம்மாவின் கருகமணித் தாலியைச் சுருட்டி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்து, "யம்மா, ஒரு கை குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் பதறிப்போய், "நான் போடலாமா அத்தா? நாங்க முஸ்லிமாச்சே" என்றாள்.

"எனக்குத் தங்கச்சி கை வேணும். அவ்வளவுதாம்மா" என்றார்.

அவள் கருகமணியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு முடிச்சும் போட்டாள். அவள் மாமியார் நாற்காலியில் இருந்தபடியே "நல்லா இறுக்கிப் போடுடி, உள்ள தள்ளி ஆட்டுவானுவ" என்று சொன்னார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை, அன்றைக்குப் பசி. இப்போது சொல், என் கழுத்து எப்போது லேசாயிற்று? நான் அந்த மெஷினுக்குள் போனது புதிதாகத் தாலி கட்டிக்கொண்டு. ஈரக் கயிறு கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே வந்த பிறகு சேலை மறைத்திருந்ததால் நீ பார்க்கவில்லை. பார்க்காததைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பாட்டு கிடைத்திருக்காது என்று உனக்கு உள்ளூரத் தெரியும்.

நீ என்ன எழுதினாய்? "கழுத்து லேசாச்சு, காத்து வந்து தொட்டுச்சு, பூட்டுன கை வாசல்ல நிக்குது." பூட்டின கை. அந்தக் கையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அது விடியற்காலையில் மடை திறக்கப் போகும், உன் காலேஜுக்கு அரிசி மூட்டை தூக்கிவரும், என் தலைவலிக்குத் தைலம் தேய்க்கும்போது கண்ணில் பட்டுவிடுமோ என்று பயப்படும். என்னை எதற்குள்ளும் பூட்டியதில்லை. பூட்டியிருந்தால் நான் விட்டிருப்பேனா? இந்த வீட்டில் யார் குரல் உசத்தி என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாட்டுக்கு ஒரு கொடுமைக்காரன் தேவைப்பட்டான், உன் அப்பா கையருகில் இருந்தார். அவர் திருப்பிப் பேச மாட்டார் என்ற தைரியம் வேறு.

அவர் உன் பாட்டை முதலில் கேட்டது முடிவெட்டும் கடையில். பாதி முகத்தில் சோப்பு இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். "நம்ம ஊரு புள்ள பாடுனது, நல்லாக் கேளுங்க" என்று ஒருவன் சத்தத்தைக் கூட்டினானாம். மகன் குரல் என்று இவர் சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். பூட்டின கை வந்ததும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் இவர் கையைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. டீக்கடைக்குப் போனால் "பூட்டுன கை வந்தாச்சு, ஒரு டீ போடு" என்கிறார்கள். உரக்கடையில் "என்ன பூட்டுன கை, யூரியா எத்தனை?" என்கிறார்கள். கூடப் படித்தவர்கள், கூட நாற்று சுமந்தவர்கள். இப்போது அவர் கடைத்தெருப் பக்கமே போவதில்லை. பால் வாங்கவும் நான்தான் போகிறேன், தலையில் கட்டியோடு. நீ லைக் வாங்குகிறாய், உன் அப்பா இதை வாங்குகிறார்.

நான்கு நாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "பாரமாவா இருந்துச்சு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இல்லவே இல்லை, அன்றைக்கு நீங்கள் ஓடி வந்து கட்டினீர்களே, அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. நெஞ்சில் எல்லாம் இருக்கிறது, நாக்கு அசைகிறது, சத்தம் இல்லை. அந்தச் சனியன் பிடித்த கட்டி அந்த நேரம் பார்த்து என் வாயை அடைத்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "சரி விடு. என்கிட்ட சொல்ல முடியாததப் பெத்த புள்ளகிட்ட சொல்லியிருக்க. அதுல தப்பில்ல" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது.

பேச்சு திரும்பியதும் சொன்னேன். அழுது சொன்னேன், திட்டிச் சொன்னேன், அந்தக் கூத்தாநல்லூர்ப் பெண் மேல் சத்தியம் செய்து சொன்னேன். "எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா ஒன்னய?" என்கிறார். நோயாளி சொல்வதை யாரும் நம்புவதில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது, எல்லோரும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். நேற்று ஆபரேஷன் பேச்சு வந்தது. எல்லா நகையையும் கழற்ற வேண்டும், தலையை மழிக்க வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். நான் அவரிடம் "மஞ்சக் கெழங்கு எடுத்து வச்சிட்டீங்களா?" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "இந்தக் கையால இனிமே கட்ட வேணாம்மா. இப்பவாவது நீ லேசா இரு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் ஒரு சத்தத்தில் அடக்கியிருப்பேன். என்மேல் இருக்கும் பாசத்தில் சொன்னார். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வெறும் கழுத்தோடு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள், அவர் வெளியே அதுதான் என் ஆசை என்று நினைத்துக்கொண்டு நிற்பார். நான் அப்படியே செத்துப்போனால் மிச்ச நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டே இருப்பார்.

மெஷினுக்குள் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன் பாட்டின் மூன்றாவது அடிக்காக. "இருட்டுக்குள்ள ஒரு முகம், அது எம்மவன் முகம்" என்று உருகியிருக்கிறாய். ஐயா, உன் முகம் வரவே இல்லை. தலையை ஒரு கூண்டில் பூட்டி, காதில் பஞ்சை அடைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னார்கள். உள்ளே போனதும் எனக்கு ஒன்றுக்கு வந்தது. ரொம்ப நேரம் அதைத்தான் நினைத்தேன். பிறகு முந்தைய நாள் நட்ட வயலில் தண்ணீர் கட்டி நிற்குமே, உன் அப்பா மடையைத் திறந்துவிட்டு வந்தாரா என்று நினைத்தேன். அந்தச் சத்தம், மோட்டார் பேரிங் போனால் வருமே, அப்படி இருந்தது. கருப்பையாம். உன்னைச் சுமந்த இடத்தில் இப்படியா சத்தம் வந்தது?

கடைசியில் ஒரு முறை நீ வந்தாய். எப்படி வந்தாய் என்று தெரிந்துகொள். ஊசி போட்டு மறுபடியும் உள்ளே தள்ளினார்கள். ஊசி போட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஹாலில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. குலசாமியைக் கூப்பிட்டேன். இது எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடு என்று கேட்டேன். யாருக்கு என்று ஒவ்வொரு ஆளாக மனசில் வந்தது. பங்காளி வந்தான், அவன் பெண்டாட்டி வந்தாள். உன் அப்பா வந்ததும், ஐயோ அவர் வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்து நீ வந்தாய். உன்னைத் தள்ளவில்லை. என் பிள்ளைக்கென்றாலும் சரி, எனக்கு வேண்டாம் சாமி என்றேன். மனசறிந்து சொன்னேன். ஒரு நிமிடமோ அரை நிமிடமோ, அதற்குள் மெஷின் நின்றுவிட்டது. தாய் இப்படிக் கேட்பாளா என்றால், கேட்டேன். உன் பாட்டில் இருக்கிற அம்மா கேட்டிருக்க மாட்டாள். அவளை நீ பெற்றாய், உன்னை நான் பெற்றேன். முடிந்தால் இந்த வரியைச் சேர்த்துப் பாடு. எத்தனை பேர் கண்ணைத் துடைக்கிறார்கள், பார்ப்போம்.

உன்னோடு கோரஸ் பாடுகிற அந்தப் பெண்ணைக் கட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல பெண்ணாகத் தெரிகிறது, பேட்டியில் நீ மேலே பார்த்தபோது அவள் கீழே பார்த்தாள். ஒன்றுதான் சொல்கிறேன். நாளைக்கு அவள் எதையாவது கழற்றி வைத்தால் ஏன் என்று அவளிடமே கேள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நில். அவள் சொன்னது உன் பாட்டுக்குப் பொருந்தாவிட்டால் பாட்டைத் தூக்கிப் போடு. என் பேச்சை நீ எதிலும் கேட்டதில்லை, இதிலாவது கேள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. மன்னிப்பெல்லாம் எனக்கு எழுதாதே, அழகாக எழுதுவாய், அதற்கும் ஒரு மெட்டுப் போட்டுவிடுவாய். பாட்டை எடுத்தாலும் எடு, எடுக்காவிட்டாலும் போ. ஆபரேஷனுக்கு முன்னால் பஸ் ஏறி வந்து, உன் அப்பா எதிரில் நின்று, "அம்மா சொல்லலப்பா, நானாக் கட்டுனது" என்று உன் வாயால் சொல். மேலே பார்க்காமல் சொல். நான் சொல்லி நம்பாதவர், நீ சொன்னால் நம்புவார். பெற்ற பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன் அவர். வீட்டில் மஞ்சளும் கயிறும் இருக்கிறது. சொல்லிவிட்டு நீ வெளியே போய் நின்றுகொள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ வராவிட்டாலும் நான் ஆபரேஷனுக்குப் போய்விடுவேன். அதற்கப்புறம் நீ எப்போது வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பேச்சோடு எழுந்தால் உன்னை உட்கார வைத்து மிச்சத்தையும் திட்டுகிறேன். பேச்சில்லாமல் எழுந்தால், பார்க்க வருகிறவர்களுக்கு என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று நீ ஆரம்பிக்கக் கூடாது. நான் கையை அசைத்தாலும், முகத்தைச் சுளித்தாலும், அழுதாலும் அதற்கு நீ அர்த்தம் சொல்லாதே. உன் அப்பா சொல்லட்டும். அவர் தப்பாகவே சொன்னாலும் எனக்குச் சம்மதம்.